ஈத்0 யாருடைய பெயர்?

ஒரு சின்ன ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கணினிகள். மூலையில் ஒரு பழைய பெட்டி. அதில் லினக்ஸ் போட்டு, அலுவலகத்துக்கே வாசல் காவலாளியாக உட்கார வைத்திருக்கிறார்கள். பெட்டியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றில் இணையச் சேவை தருபவரின் கேபிள். இன்னொன்றில் உள்ளே பத்துக் கணினிகளையும் இணைக்கும் ஸ்விட்ச். முதல் கார்டுக்குப் பெயர் ஈத்0, இரண்டாவதுக்கு ஈத்1. ஃபயர்வால் விதிகளின் சாரம் இரண்டே வரிதான்: ஈத்0 வழியாக வருகிற எவரையும் நம்பாதே. ஈத்1 வழியாக வருகிறவர் நம்மவர், விடு.

ஒரு நாள் கரண்ட் போய் வருகிறது. பெட்டி மறுபடி எழுகிறது. இந்த முறை ஈத்0 என்ற பெயர் உள்ளே இருக்கும் கார்டுக்குப் போய்விட்டது. வெளியே இருக்கும் கார்டு ஈத்1 ஆகிவிட்டது.

விதிகளில் ஒரு எழுத்து கூட மாறவில்லை. ஆனால் அர்த்தம் தலைகீழ். "நம்மவர்" என்று எழுதிய வாசல் இப்போது தெருவைப் பார்க்கிறது. அலுவலகத்துக்குள் முகவரி வழங்க வேண்டிய டிஹெச்சிபி சேவை, கேபிளின் அந்தப் பக்கம் இருக்கும் யார் யாருக்கோ முகவரி வழங்கத் தயாராக நிற்கிறது. உள்ளே இருப்பவர்களுக்கு இணையம் இல்லை.

டெக்னீஷியன் வருகிறார். இரண்டு கேபிளையும் பிடுங்கி மாற்றிச் சொருகுகிறார். வேலை செய்கிறது! எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த முறை கரண்ட் போய் வரும்வரை...

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இணையம் நின்றுபோனது அந்த அலுவலகத்தின் அதிர்ஷ்டம். நின்றதால்தான் கோளாறு கண்ணில் பட்டது. இரண்டு கார்டுகளுமே தானாக முகவரி வாங்கிக்கொள்ளும் ஒரு சர்வரில் இதே பெயர் மாற்றம் நடந்தால் எதுவும் நிற்காது. எல்லாம் ஓடும். தவறான கதவு திறந்தபடியே ஓடும். யாருக்கும் தெரியாது.

ஆகவே லினக்ஸில் நெட்வொர்க் கார்டுக்கு என்ன பெயர் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ஈத்0 தட்டுவதற்குச் சுலபம், புதுப் பெயர் தட்டுவதற்குக் கஷ்டம் என்று பத்து வருடத்துக்கு மேலாக நடக்கிற சண்டையில் இந்த முக்கியமான விஷயம் அடிபட்டுப் போகிறது.

பெயர் ஏன் மாறுகிறது?

லினக்ஸ் கெர்னலுக்கு ஈத்0 என்றால் "முதலில் கண்ணில் பட்ட ஈத்தர்நெட் கார்டு" என்று அர்த்தம். அவ்வளவுதான். பந்தியில் முதலில் உட்கார்ந்தவருக்கு முதல் இலை என்பது போல. முதலில் யார் வருவார் என்று கெர்னல் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

பழைய காலத்தில் இது பெரிய தொந்தரவாக இல்லை. கார்டுகளைக் கெர்னல் ஒவ்வொன்றாக, வரிசையாகத் தேடியது. 2.4 கெர்னல் நாட்களில் மாட்யூல்ஸ்.கான்ஃப் என்ற கோப்பில் "ஈத்0 என்றால் இந்த டிரைவர், ஈத்1 என்றால் அந்த டிரைவர்" என்று எழுதிவைப்பார்கள். ஒரு ரியல்டெக் கார்டு, ஒரு இன்டெல் கார்டு என்று வெவ்வேறு கம்பெனியாக வாங்கிப் போட்டால் குழப்பமே இல்லை.

பிறகு 2.6 கெர்னல் வந்தது. கூடவே யூடெவ் வந்தது. வன்பொருள் தென்படத் தென்பட அதற்கான டிரைவர்கள் ஒரே சமயத்தில் ஏற்றப்பட்டன. கணினி வேகமாக எழுந்தது, நல்லதுதான். ஆனால் இரண்டு டிரைவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடும்போது இன்று ஜெயித்தவர் நாளையும் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது. ஈத்0 யார் என்பதை அந்தப் பந்தயம் தீர்மானித்தது.

கார்டின் மேல் பெயர் எழுதிய காலம்

முதல் தீர்வு யூடெவ்விலேயே வந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிப்பாளர் கொடுத்த 48 பிட் மேக் முகவரி ஒன்று இருக்கிறது. கார்டை முதல் தடவை பார்க்கும்போதே "இந்த மேக் முகவரிக்கு ஈத்0" என்று 70-பெர்சிஸ்டன்ட்-நெட்.ரூல்ஸ் என்ற கோப்பில் தானாகவே ஒரு வரி எழுதப்படும். அடுத்த முறை அதைப் பார்த்து அதே பெயர்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் கார்டு செத்துப்போனால்? புதுக் கார்டை அதே துளையில் போட்டு, அதே கேபிளைச் சொருகினால், அது ஈத்1 ஆக எழும். காரணம், ஈத்0 என்ற பெயர் செத்துப்போன கார்டின் பேரில் இன்னும் பதிவில் இருக்கிறது. முகவரி அமைப்புகள் எல்லாம் ஈத்0 பேரில் எழுதியிருப்பதால் நெட்வொர்க் எழுந்திருக்காது. பட்டா இறந்தவர் பேரில், குடியிருப்பவர் வேறு ஆள்!

மெய்நிகர் கணினிகள் பெருகியதும் இது கேலிக்கூத்தாகவே ஆனது. ஒரு மெய்நிகர் கணினியை நகல் எடுத்தால் நகலுக்குப் புது மேக் முகவரி. ஆனால் அதன் வட்டில் பழைய பதிவுக் கோப்பு அப்படியே இருக்கும். நகலில் ஈத்0 இல்லை, ஈத்1 தான். நகலை நகல் எடுத்தால் ஈத்2. நகல் எடுக்கும் முன் அந்தக் கோப்பை அழித்துவிடு என்பது கணினி நிர்வாகிகள் வாய்மொழியாகச் சொல்லித்தரும் பாடம் ஆயிற்று.

இதைவிட ஆழமான ஓட்டை ஒன்றும் இருந்தது. ஈத்0, ஈத்1 என்ற பெயர்களைக் கெர்னல் ஒரு பக்கம் வழங்கிக்கொண்டிருக்கும்போதே, அதே பெயர்களை யூடெவ் இன்னொரு பக்கம் மாற்றி மாற்றி வைக்கப் பார்த்தது. ஒரே டோக்கன் கட்டிலிருந்து இரண்டு பேர் டோக்கன் கிழித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? சில சமயம் பெயர் மாற்றம் பாதியில் நின்று, "ரீநேம்2" என்ற அநாதைப் பெயரோடு ஒரு கார்டு நிற்கும்.

துளையின் மேல் பெயர் எழுதிய காலம்

அடுத்த யோசனை டெல் நிறுவனத்திடமிருந்து வந்தது. பயாஸ்டெவ்நேம் என்ற கருவி. மதர்போர்டிலேயே இருக்கும் முதல் கார்டு இஎம்1. மூன்றாவது ஸ்லாட்டில் இருக்கும் கார்டின் முதல் போர்ட் பி3பி1. பெட்டியின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணும் திரையில் தெரியும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். 2011-ல் ஃபெடோரா 15 இதை ஏற்றுக்கொண்டது.

2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197 இதே எண்ணத்தை எல்லாக் கணினிகளுக்கும் விரித்தது. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 (2014), உபுண்டு 16.04 (2016), டெபியன் 9 (2017) என்று வரிசையாகப் பலரும் இதற்கு வந்தார்கள். இன்று பெரும்பாலானோர் திரையில் பார்ப்பது இந்தப் பெயர்களைத்தான்.

பெயரின் இலக்கணம் இதுதான். ஈத்தர்நெட் என்றால் "இஎன்". வைஃபை என்றால் "டபிள்யூஎல்". அதன்பின், மதர்போர்டு தானே ஒரு எண் சொன்னால் "ஓ": இஎன்ஓ1. ஸ்லாட் எண் தெரிந்தால் "எஸ்": விஎம்வேர் போட்டவர்கள் பார்த்துச் சலித்த இஎன்எஸ்33 இந்த வகை. அதுவும் தெரியாவிட்டால் பிசிஐ பஸ் எண்ணும் இட எண்ணும்: இஎன்பி3எஸ்0. வேண்டுமென்று கேட்டால் மேக் முகவரி முழுவதும்: இஎன்எக்ஸ் என்று தொடங்கிப் பன்னிரண்டு எழுத்துகள். இந்தக் கடைசி வகை மொத்தம் 15 எழுத்துகள். லினக்ஸில் நெட்வொர்க் கார்டின் பெயருக்கு அனுமதிக்கப்படும் நீளமும் சரியாக 15 தான். கயிறு முழுவதும் தீர்ந்துவிட்டது!

இதில் ஒரு நல்ல குணம் உண்டு. செத்த கார்டை எடுத்துவிட்டு அதே துளையில் அதே மாதிரிக் கார்டைப் போட்டால் பெயர் மாறாது. வட்டில் எந்தப் பதிவுக் கோப்பும் தேவையில்லை. நகல் எடுத்த மெய்நிகர் கணினியிலும் பெயர் அப்படியே இருக்கும். முந்தைய தீர்வு எங்கெல்லாம் சறுக்கியதோ அங்கெல்லாம் இது நிற்கிறது.

ஆனால் இது எங்கே சறுக்குகிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

பிசிஐ பஸ் எண் என்பது மதர்போர்டில் பொறித்த எண் அல்ல. கணினி எழும்போது எண்ணிக்கொண்டே போய்க் கொடுப்பது. புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டையோ என்விஎம்இ வட்டையோ சொருகினால், அதற்குப் பின்னால் வருகிறவர்களின் எண் ஒன்று தள்ளிப்போகலாம். நேற்று இஎன்பி3எஸ்0, இன்று இஎன்பி4எஸ்0. நெட்வொர்க் கார்டை யாரும் தொடவே இல்லை, ஆனாலும் நெட்வொர்க் இல்லை. வட்டு வாங்கிப் போட்டவர் வட்டைச் சந்தேகிப்பாரே தவிரப் பெயரைச் சந்தேகிக்க மாட்டார்.

இதுபோக, சில கார்டுகளின் டிரைவர்கள் கெர்னல் புதுப்பிப்பில் போர்ட்டின் பெயரையும் சொல்லத் தொடங்கியதும், பழைய பெயரின் வாலில் "என்பி0" என்று ஒன்று ஒட்டிக்கொண்டது. ஒரு ஸ்க்ரூ கூடக் கழற்றாமல் பெயர் மாறியது. பெயர் சூட்டும் விதிகளே சிஸ்டம்டியின் பதிப்புக்குப் பதிப்பு திருந்தியதால், "எனக்குப் பழைய விதிப்படியே பெயர் வை" என்று கேட்பதற்கு ஒரு தனி அமைப்பையே 2018-ல் கொண்டுவர வேண்டியிருந்தது.

பெயரைப் பார்த்துக் கார்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் பாதி உண்மை. எல்எஸ்பிசிஐ கட்டளை 00:1எஃப்.6 என்று காட்டும் கார்டுக்குப் பெயர் இஎன்பி0எஸ்31எஃப்6. ஒன்று பதினாறடிமான எண், இன்னொன்று சாதாரண எண். 1எஃப் என்பதும் 31 என்பதும் ஒன்றுதான் என்று தெரிந்தவருக்குப் புரியும். இரவு பன்னிரண்டு மணிக்கு சர்வர் அறையில் நிற்பவருக்கு?

யூஎஸ்பி கார்டுகளின் கதை இன்னும் சுவாரசியம். துளையை வைத்துப் பெயர் கொடுத்தால், வலது பக்கத் துளையிலிருந்து இடது பக்கம் மாற்றிச் சொருகினாலே வேறு பெயர். அதனால் டெபியன், உபுண்டு இரண்டும் யூஎஸ்பி கார்டுகளுக்கு மட்டும் மேக் முகவரிப் பெயரையே கொடுக்கின்றன. அதாவது, துளைதான் சரி என்று வாதாடிய இடத்திலேயே ஒரு மூலையில் கார்டுதான் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கணக்கு எழுதுபவர்கள் எப்போதோ கண்டுகொண்டது

இங்கேதான் வணிகவியல் மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் உதவுகிறது. பேரேட்டில் கணக்குகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்? பணம் வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்கு "தென்மேற்கு மூலைப் பெட்டிக் கணக்கு" என்று யாரும் பெயர் வைப்பதில்லை. பெட்டியின் சீரியல் எண்ணாலும் பெயர் வைப்பதில்லை. "ரொக்கக் கணக்கு" என்கிறார்கள். பெட்டியை மாற்றலாம், மூலையை மாற்றலாம், காசாளரே மாறலாம். ரொக்கக் கணக்கு ரொக்கக் கணக்குதான். பெயர் வேலையிலிருந்து வருகிறது.

கணக்கியலில் மாறாத்தன்மை என்று ஒரு மரபும் உண்டு. இந்த வருடம் தேய்மானத்தை நேர்கோட்டு முறையில் போட்டுவிட்டு, அடுத்த வருடம் சத்தமில்லாமல் குறைந்து செல் மதிப்பு முறைக்கு மாறக் கூடாது. இரண்டுமே சரியான முறைகள்தான். அப்படியானால் ஏன் கூடாது? நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட முடியாமல் போகும். மாற்றவே கூடாது என்பதில்லை. தகுந்த காரணம் இருந்தால் மாற்றலாம், ஆனால் மாற்றியதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நெட்வொர்க் கார்டின் பெயரும் இப்படித்தான் இருக்க வேண்டும். ஃபயர்வால் விதி எழுதுகிறவர் மனதில் இருப்பது "மூன்றாவது பஸ்" அல்ல, "அந்த மேக் முகவரி" அல்ல. "தெருவைப் பார்க்கும் வாசல்", "வீட்டைப் பார்க்கும் வாசல்" என்பதுதான். அப்படியிருக்க விதியில் ஏன் இஎன்பி3எஸ்0 என்று எழுத வேண்டும்?

சிஸ்டம்டி பெயர்களை "முன்கூட்டியே சொல்லக்கூடிய பெயர்கள்" என்கிறார்கள். யாரால் சொல்லக்கூடியது? விதிமுறை தெரிந்த நிரலால். மனிதரால் அல்ல. அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஒரு கணினியில் எந்த வாசல் தெருவுக்கு, எது வீட்டுக்கு என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் கேபிளைச் சொருகிய மனிதர் ஒருவர்தான். அவர் செய்ய வேண்டிய வேலையை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டு, அது வைத்த பெயர் அசிங்கமாக இருக்கிறது என்று திட்டுவதில் நியாயமில்லை.

அப்படியானால் என்ன செய்வது?

ஒரே கார்டு இருக்கும் மேசைக் கணினி, மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதலும் கடைசியும் அவரே என்னும்போது போட்டி ஏது? நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0 என்று கெர்னலுக்குச் சொல்லி ஈத்0-வுக்குத் திரும்பினாலும் பாதகமில்லை. ராஸ்பெரி பை இயங்குதளம் ஈத்0 என்ற பெயரையே விடாமல் வைத்திருக்கிறது. இவர்களைப் பார்த்து "பழமைவாதிகள்" என்று சிரிப்பது அநாவசியம்.

ஆனால் இரண்டு கார்டுகள் உள்ள கணினியில், "அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாகத்தானே ஓடியது" என்று அதே வரியைப் போடுவது ஆபத்து. மறுபடி ஓட்டப்பந்தயத்துக்குக் கதவைத் திறந்துவிடும் செயல் அது. பத்து தடவை ஒழுங்காக எழுந்தது என்பது பதினோராவது தடவைக்குச் சாட்சி ஆகாது.

அங்கே செய்ய வேண்டியது, வேலையை வைத்துப் பெயர் சூட்டுவது. சிஸ்டம்டியிலேயே இதற்கு வழி இருக்கிறது. /ஈடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க் அடைவில் கார்டுக்கு ஒரு .லிங்க் கோப்பு. அதில் இரண்டே பகுதிகள்: எந்தக் கார்டு, என்ன பெயர். தெருப்பக்கத்துக்கு "வெளி0", வீட்டுப்பக்கத்துக்கு "உள்0" என்று பொருள்படும் ஆங்கில எழுத்துப் பெயர் போதும். மூன்று எச்சரிக்கைகள் மட்டும் உண்டு.

ஒன்று, ஈத்0, ஈத்1 என்று பெயர் வைக்காதீர்கள். அது கெர்னலின் டோக்கன் கட்டு. பழைய சண்டை திரும்ப வரும்.

இரண்டு, மேக் முகவரியை அடையாளமாகக் கொடுப்பதானால் கார்டோடு பிறந்த நிரந்தர முகவரியைக் கொடுங்கள். விலேன், பிரிட்ஜ் போன்ற மெய்நிகர் வாசல்கள் தாய்க் கார்டின் முகவரியையே இரவல் வாங்கிக்கொள்ளும். வெறும் முகவரியைக் கொடுத்தால் அவையும் "நான்தான் அது" என்று வந்து நிற்கும்.

மூன்று, டெபியன், உபுண்டு போன்றவற்றில் கோப்பை எழுதிய பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். பெயர் சூட்டும் சடங்கு சில சமயம் வட்டு திறக்கப்படும் முன்பே அங்கே முடிந்துவிடுகிறது.

கார்டு செத்தால் இந்த வழியிலும் ஒரு வரியை மாற்றத்தான் வேண்டும். உண்மை. ஆனால் எங்கே மாற்ற வேண்டும் என்று தெரியும், அந்த ஒரு இடத்தில் மட்டும் மாற்றினால் போதும். ஃபயர்வாலில், டிஹெச்சிபியில், கண்காணிப்பு நிரலில் என்று பத்து இடம் தேட வேண்டாம். சத்தமில்லாமல் மாறாது, ஒருவர் கை வைத்தால்தான் மாறும். ஆடிட்டர்கள் கேட்பதும் இதைத்தானே?

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உள்ளே ஈத்0 என்று கடினமாக எழுதிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். இணையத்துக்குப் போகும் வாசல் எது என்பதே கேள்வி என்றால், இயல்பு வழி எந்தக் கார்டில் இருக்கிறது என்று கணினியிடமே கேட்கலாம், ஐபி ரூட் கட்டளை சொல்லிவிடும். பெயரை ஊகிப்பதைவிடக் கேட்பது மேல். உரிமம் சரிபார்க்க ஈத்0-வைத் தேடிப் பார்த்து, அது இல்லாததால் திறக்க மறுத்த வணிக மென்பொருட்களும் உண்டு. பணம் கொடுத்து வாங்கியவர் வாசலில் நின்றார், பெயர் மாறிய குற்றத்துக்காக.

கடைசியாக மிக மலிவான ஒரு யோசனை. பெயர் சூட்டி முடித்ததும் பெட்டியின் பின்பக்கம் இரண்டு துண்டு ஸ்டிக்கர் ஒட்டி, திரையில் இருக்கும் அதே பெயரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். பெட்டியை ஒரு முறை அணைத்துப் போட்டு, ஸ்டிக்கரும் திரையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பேரேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் மாதம் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பது போலத்தான் இது. பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத அந்த ஒரு நாளுக்காகத்தான் அத்தனை மாதமும் பார்க்கிறார்கள்.

அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் ஸ்டிக்கர் இருந்திருந்தால், டெக்னீஷியன் கேபிளைப் பிடுங்கும் முன் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பார்.